வெளியே வந்து மறுபடி உள்ளே

அனுப்புநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
12 ஜூன் 2024

தங்கை செல்விக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீ சொல்லி நான் தெரிந்துகொண்டு ரொம்ப நாளாகிறது.

இதுவரை எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போடப்போவதில்லை. எழுதுவது என் பழக்கம், அதனால் எழுதுகிறேன். கம்மாபுரத்து நிலத்தில் உன் பங்கைச் சுரங்கத்துக்குக் கொடுத்து நீ கையெழுத்துப் போட்டது தவறு என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். என் பங்கும் போய்விட்டது. ஆனால் என் கையெழுத்தோடு போகவில்லை.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஜூலை எட்டாம் தேதி அறுவை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள். உன் அண்ணி அமிர்தம் இருந்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்திருப்பாள். இப்போது யாரையாவது கூலிக்குப் பிடிக்க வேண்டியதுதான்.

இன்னொரு செய்தி. உங்கள் வீட்டில் போட்டதுபோலவே மாப்பிள்ளை எனக்கும் போட்டுக்கொடுத்த கருப்புத்திரை மெயிலைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். பீங்கான் அழுத்தும் பிரஸ்ஸில் இரண்டு விரல் போன கைக்கு மவுஸ் பிடிக்க வராது, சாவிகளைத் தட்டத்தான் வரும் என்று பார்த்துப் போட்டுக்கொடுத்தார். அதில் சங்கத்துப் பெட்டி ஒன்று, என் பெட்டி ஒன்று. சங்கத்து வேலை முடிந்ததும் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்த்தான் என் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் அப்படியே செய்துவந்தேன். தேவையே இல்லை. உள்ளே இருந்தபடியே ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் இதிலிருந்து அதற்குத் தாவிவிடுகிறது. போன வாரம் நானே கண்டுபிடித்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பழமலைநாதன்


அனுப்புநர்: செல்வநாயகி, ஆத்தூர்
பெறுநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
15 ஜூன் 2024

அண்ணனுக்கு வணக்கம்.

சங்கத்திலிருந்து எனக்கு என்ன கடிதம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். ‘தங்கை செல்விக்கு’ என்று இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு உங்கள் எழுத்தைப் பார்க்கிறேன்.

கண்ணுக்கு யாரையும் கூலிக்குப் பிடிக்க வேண்டாம். சங்கத்தில் ஒருவரைக் கேளுங்கள், வருவார்கள். சக்கரை எவ்வளவு இருக்கிறது? அறுவைக்கு முன்னால் கட்டாயம் பார்ப்பார்கள். சொட்டு மருந்தை இப்போதிருந்தே போடச் சொல்லியிருப்பார்கள். போடுகிறீர்களா?

உங்கள் கண்டுபிடிப்பைக் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். இந்த வீட்டில் இப்போது அந்தச் சத்தம் இல்லை.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

செல்வி


அனுப்புநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
17 ஜூன் 2024

செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்பு பழையபடிதான்.

வந்தது எனக்கல்ல, சங்கத்துக்கு. நான் பார்க்கும் முன்பே செயலாளர் தமிழ்ச்செல்வன் தன் போனில் பார்த்துவிட்டான். சின்ன வயசு, வாய் மட்டும் பெரிசு. நேற்று நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சத்தமாகச் சொல்கிறான்: “அய்யா, ஆர்டரு ஏதோ வந்திருக்குதுன்னு ஆசையா தொறந்தேன். சொட்டு மருந்து போட்டீங்களான்னு கேட்டிருக்குதுங்க. இது எந்த கம்பெனிங்க, எத்தன பீஸு வேணுமாம்?” எல்லோரும் சிரித்தார்கள். நம் வீட்டு விஷயம் சங்கத்து டீயோடு போக வேண்டியதாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் எழுத்தைப் பார்க்கிறாயாம். மாதம் தவறாமல் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தது நீ. சங்கத்தின் பெயரில் வந்தால் திறப்பாய், என் பெயரில் வந்தால் திறக்க மாட்டாய். அதை நேராகவே சொல்லலாம்.

பழுது எங்கே என்று பார்த்தேன். முதலில் என் பெட்டியைத் திறந்து எனக்கே ஒரு கடிதம் போட்டேன். என் பெயரில் வந்தது. பிறகு சங்கத்துப் பெட்டிக்குத் தாவி, அங்கிருந்து என் பெட்டிக்குத் திரும்பி, இன்னொன்று போட்டேன். அது சங்கத்தின் பெயரில் வந்தது. சங்கத்துப் பெட்டிக்குள் போனதும் அனுப்புநர் பெயர் தானாக மாறுகிறது. அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து வந்த பிறகும் பழைய பெயருக்குத் திரும்புவதில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இது மாப்பிள்ளை எழுதிய அமைப்பு. உன் கம்ப்யூட்டரிலும் அவர் இதையேதான் போட்டிருக்கிறார். எந்த வரி என்று பார்த்துச் சொல். உதவி கேட்கிறேன் என்று நினைக்காதே. உங்கள் வீட்டு ஆள் விட்ட பழுது, அதைத் தெரிவிக்கிறேன். என் பெயரில் எழுதியது என் பெயரில்தான் போக வேண்டும்.

பழமலைநாதன்


அனுப்புநர்: செல்வநாயகி, ஆத்தூர்
பெறுநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
30 ஜூன் 2024

அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். அவருடைய கம்ப்யூட்டரைத் திறக்க எனக்குச் சில நாள் தேவைப்பட்டது.

உங்களிடம் உள்ள அமைப்புக் கோப்பில் ‘ஃபோல்டர் ஹுக்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். இந்தப் பெட்டிக்குள் போனால் இந்தப் பெயரை வைத்துக்கொள் என்று சொல்லும் வரி அது. சங்கத்துக்கு மட்டும் எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. மற்ற எல்லாப் பெட்டிக்கும் உங்கள் பெயர் என்று அதற்கு மேலே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். கீழே சேர்த்தால் அது சங்கத்து வரியையும் அடித்துவிடும். மேலேதான்.

ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை அண்ணா. இப்படியே இருந்தாலும் எனக்கு வந்து சேருகிறது. தமிழ்ச்செல்வன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் முன்பு எழுதியதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கண் அறுவை முடியட்டும், அதற்கப்புறம் அமைப்பைத் தொடுங்கள். ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? ஓட்டல் என்று எழுத வேண்டாம்.

செல்வி


அனுப்புநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
2 ஜூலை 2024

செல்விக்கு,

ஓட்டல்தான். அதைத் தவிர நலம்.

கோப்பைத் திறந்தேன். நீ சொன்ன இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதன் மேல் மாப்பிள்ளை தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: “மச்சான் வெளியே வந்துதான் மறுபடி உள்ளே போவார். அதனால் இது போதும்.”

அவருக்கு இந்தப் பழுது தெரிந்தே இருந்திருக்கிறது. சரிசெய்யத் தெரியாமல் விடவில்லை. அவர் சொன்ன சொல்லை நான் தாண்ட மாட்டேன் என்று நம்பி விட்டிருக்கிறார். தாண்டியது நான்தான். எழுதிய ஆள் இல்லாதபோது அந்தக் குறிப்பைப் படிப்பது நன்றாக இல்லை. அதை அழிக்கவில்லை. அதன் மேல் நீ சொன்ன வரியைச் சேர்த்தேன்.

அப்படியும் உனக்குப் பதில் எழுதத் தொடங்கினால் சங்கத்தின் பெயர்தான் வந்தது. விடவில்லை. ‘ரிவர்ஸ் நேம்’ என்று இன்னொரு வரி. எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அந்த முகவரியிலிருந்தே பதிலை அனுப்பும் வரி அது. நீ சங்கத்துக்கு எழுதுகிறாய், அதனால் சங்கமே பதில் சொல்கிறது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையேட்டை ஒரு நாள் முழுக்க ஒற்றைக் கண்ணால் படித்துக் கண்டுபிடித்தேன். இந்தக் கடிதம் போனதும் அதை நிறுத்திவிடுவேன். அடுத்தது என் சொந்தப் பெயரில் வரும்.

அவசரம் இல்லை என்கிறாய். உனக்கு இல்லாமல் இருக்கலாம்.

பழமலைநாதன்


அனுப்புநர்: பழமலைநாதன், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
6 ஜூலை 2024

தங்கை செல்விக்கு,

மேலே பார். என் பெயர்.

நாளை மறுநாள் அறுவை. தமிழ்ச்செல்வன் வருகிறானாம். நான் கேட்கவில்லை. “கூலி என்னா குடுப்பீங்க?” என்றான். “வாயை மூடிக்கினு வந்தா டீ” என்றேன். “அப்ப கட்டுப்படியாவாதுங்க” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போயிருக்கிறான்.

சக்கரை கூடுதலாகத்தான் இருக்கிறது. சொட்டு மருந்து போடுகிறேன். கேட்டாயே என்று எழுதுகிறேன்.

போகும் முன் ஒரு வரி போடு.

அண்ணன்


அனுப்புநர்: பழமலைநாதன், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
24 ஜூலை 2024

செல்விக்கு,

கண் தெரிகிறது. திரை பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறேன்.

ஒரு வரி கேட்டேன். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இல்லை, திரும்பி வந்த பிறகும் இல்லை. என் பெயரைப் பார்த்ததும் பழையபடி ஆகிவிட்டாய்.

போன கார்த்திகையிலும் நீ செய்தது இதுதான். இதுவரை எழுதாததை இன்று எழுதுகிறேன். மாப்பிள்ளை போன செய்தி மறுநாள் சித்தப்பா மகன் பச்சமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆத்தூர் கிளம்பும் வழியில் என் வாசலில் வண்டியை நிறுத்தி, “வாண்ணே, போவலாம்” என்றான். உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று நிலத்துச் சண்டையில் சொன்னவன் நான். “அவ கூப்புடட்டும்” என்றேன். போனில் பேசினால் என் காதில் எதுவும் விழுவதில்லை. அதனால் அப்போதே உட்கார்ந்து உனக்கு எழுதினேன்: கோடிப் புடவை எடுத்துவிட்டேன், ஒரே ஒரு வரி போடு, அடுத்த ரயிலில் வருகிறேன் என்று. அது போதாதா? கருமாதி நாள்வரை சட்டையைக்கூட மாற்றாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ அந்த ஒரு வரியைப் போடவில்லை.

கோடி பீரோவில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

இனி நான் எழுதப்போவதில்லை.

பழமலைநாதன்


அனுப்புநர்: செல்வநாயகி, ஆத்தூர்
பெறுநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
1 ஆகஸ்ட் 2024

சங்கச் செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சங்கத்துக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் பழமலைநாதன் என் அண்ணன். ஜூலை எட்டாம் தேதி அவருக்குக் கண் அறுவை. இரண்டாம் தேதி ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. அவருக்கு மணி அடிப்பதே கேட்காது.

அவரைத் தயவுசெய்து நேரில் பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல முடியுமா? நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம். கோபித்துக்கொள்வார். சாப்பிடுகிறாரா என்று மட்டும் பார்த்து எழுதினால் போதும்.

இப்படிக்கு,
செல்வநாயகி


அனுப்புநர்: பீங்கான் சிறுகூடங்கள் சங்கம், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
4 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

நான்தான். சாப்பிடுகிறேன்.

தமிழ்ச்செல்வன் வந்தான். வாசலில் நின்றபடியே கத்தினான்: “அய்யா, நீங்க உயிரோட இருக்கிறீங்களான்னு ஒங்க தங்கச்சி சங்கத்த கேக்குறாங்க. என்னான்னு பதில் போட?” “உயிரோட இருக்குறாரு, கோவமாவும் இருக்குறாருன்னு போடு” என்றேன். “அத நீங்களே போட்டுக்குங்க. எனக்கு சூளையில வேல கெடக்குது” என்று சொல்லி, போனை என் கண்ணருகே நீட்டினான். படித்தேன்.

இரண்டாம் தேதிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆறாம் தேதி எழுதினேன். இருபத்து நாலாம் தேதி எழுதினேன். இரண்டுமே என் பெயரில் போனவை. நீ பொய் சொல்கிறவள் அல்ல. பொய் சொல்லியிருந்தால் நிலத்துச் சண்டையே வந்திருக்காது.

அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். சங்கத்தின் பெயரில் போனதற்கெல்லாம் பதில் வந்தது. என் பெயரில் போன ஒன்றுக்கும் வரவில்லை. பழுது என்னுடையதில் இல்லை, உன்னுடையதில் இருக்கிறது. நான் எழுதியது எதுவும் உனக்கு வந்து சேரவே இல்லை.

அப்படியானால் கார்த்திகையில் எழுதியதும் வந்திருக்காது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து கோடியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை எழுதிய அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் திற. என் முகவரியைத் தேடு. எங்கேயாவது இருக்கும். அதன் மேல் குறிப்பும் எழுதியிருப்பார். எழுதாமல் இருக்கிற ஆள் அல்ல.

நீ அதைக் கண்டுபிடிக்கும்வரை என் பக்கத்தில் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். உன் முகவரிக்குப் போகிற கடிதம் மட்டும் சங்கத்தின் பெயரில் போகும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன். இது பழுது இல்லை. என் பெயரை நானே எடுத்தேன்.

அண்ணன்


அனுப்புநர்: செல்வநாயகி, ஆத்தூர்
பெறுநர்: பழமலைநாதன், விருத்தாசலம்
27 ஆகஸ்ட் 2024

அண்ணா,

கண் எப்படி இருக்கிறது? எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. இப்போது பரவாயில்லை.

நீங்கள் எழுதிய அன்றே தேடினேன். கிடைத்தது. எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

நிலத்துச் சண்டையின்போது தினமும் உங்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவரிடம், “எங்கண்ணன் மெயிலு இனிமே எங்கண்ணுல படக்கூடாதுங்க” என்றேன். சரி என்றார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒன்றும் வராமல் போனதும், நீங்களே நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. ஜூனில், மாதம் தவறாமல் எழுதினேன் என்று நீங்கள் சொன்னபோதே மனதுக்குள் தட்டியது. பார்க்கப் பயமாக இருந்தது.

உங்கள் முகவரியிலிருந்து எது வந்தாலும் நேரே குப்பைப் பெட்டிக்குப் போகும்படி வரி போட்டிருக்கிறார். அதன் மேல் குறிப்பு: “செல்வி சொன்னதால். கோபம் தணிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறக்கக் கூடாது.”

அவர் மறக்கவில்லை அண்ணா. நேரம்தான் இல்லாமல் போனது.

சங்கத்து முகவரியை அந்த வரியில் சேர்க்கவில்லை. நீங்கள் அதிலிருந்தும் எழுதக்கூடும் என்று அவருக்குத் தெரியும். சேர்க்கவில்லை.

குப்பைப் பெட்டி மாதத்துக்கு ஒரு முறை தானாகவே காலியாகிவிடும். ஜூலையில் நீங்கள் எழுதிய இரண்டும் இருந்தன, படித்தேன். அதற்கு முன்னால் எழுதியது எதுவும் இல்லை.

கருமாதியன்று பந்தலில் பிறந்த வீட்டுக் கோடிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். காசியம்மாள் அத்தை தெருமுனைவரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஒங்கண்ணன் வரமாட்டான்டி, நேரம் ஆவுது” என்றாள். கடைசியில் பச்சமுத்துதான் போட்டான். அவன் உங்கள் வாசலில் நின்றதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டேன். இனி உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

செல்வி


அனுப்புநர்: செல்வநாயகி, ஆத்தூர்
பெறுநர்: பழமலைநாதன், விருத்தாசலம்
20 அக்டோபர் 2024

அண்ணா,

நலம்தானே? இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை. குப்பைப் பெட்டியையும் தினமும் பார்க்கிறேன். வரியை எடுத்துவிட்டேனே, மறுபடி எங்கே பழுது என்று தெரியவில்லை.

இந்தப் பக்கம் நல்ல மழை. கார்த்திகையில் அவருக்கு முதல் தெவசம் வருகிறது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

பதில் போட வேண்டும் என்றில்லை. நான் எழுதியது வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

செல்வி


அனுப்புநர்: பழமலைநாதன், விருத்தாசலம்
பெறுநர்: செல்வநாயகி, ஆத்தூர்
27 நவம்பர் 2024

தங்கை செல்விக்கு,

உன் கடிதங்கள் வந்தன. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. இத்தனை நாள் எழுதாததற்குப் பழுது எதுவும் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ கையெழுத்துப் போட்டது தவறு என்று இன்னமும் சொல்வேன். அதில் மாற்றம் இல்லை. நேரில் பார்த்தாலும் அதைத்தான் சொல்வேன்.

பச்சமுத்து வண்டியை நிறுத்தியபோது நான் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன். அது உனக்குத் தெரியட்டும்.

தெவசத் தேதியைப் பச்சமுத்துவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாளைக்கு ஆத்தூர் வழியாகச் சேலம் போகிற ரயிலில் வருகிறேன். கோடியைப் பீரோவிலிருந்து எடுத்துப் பையில் வைத்தாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்துக் கோடி கொண்டுவருகிற வழக்கம் எங்கேயும் இல்லை என்று காசியம்மாள் அத்தை சொல்வாள். சொல்லட்டும். காதில் விழாது.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வீடு எனக்குத் தெரியும். இதற்கு நீ பதில் போட்டாலும் நான் பார்க்கப்போவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன்.

உன் முகவரிக்குச் சங்கத்தின் பெயரில் போகும்படி சேர்த்த வரியை எடுத்துவிட்டேன். தாவுகிற எழுத்தையும் இப்போது தட்டுவதில்லை. இன்றைக்குச் சங்கத்து வேலை முடிந்தது. வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன்
பழமலைநாதன்